கண் திறந்த படம்

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவன், செருப்பில் காலை நுழைக்கும் முன் கூடத்துச் சுவரைப் பார்த்து, "யாரும்மா இது?" என்று கேட்டாய். யாரோ பார்ட்டி படம், காயட்டும் என்று மாட்டி வைத்திருக்கிறேன் என்றேன். நீயும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று தொழில்காரன் மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டாய். மகனே, நான் சொன்னது பொய். நீ தெரு முனை திரும்பும் வரைக்கும் வாசலில் நின்றேன், கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. அன்றைக்கு வாயால் சொல்ல முடியாததை இன்று கையால் எழுதுகிறேன். நீ விட்டுப்போன விலாசத்துக்கு இது போய்ச் சேர்வதற்குள் நீ அடுத்த ஊருக்குப் போய்விடாமல் இருக்க வேண்டும் என்று அந்த ஏகாம்பரநாதரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்கு இருக்கிற வேலையில் இதையும் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் கையோடு சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். பிலிம் ரோல்கள் இருக்கும் டப்பாவில் வறுத்த அரிசி முடிச்சு ஒன்று வைத்திருக்கிறேன். அதைத் தூக்கி எறிந்துவிடாதே, ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். நீயும் அப்பாவும் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்லாமல் வைத்தேன். இந்த ஊரில் கல்யாணத்துக்கெல்லாம் கலர் வந்துவிட்டது. மெட்ராசுக்கு அனுப்பிக் கழுவி வாங்குகிறார்கள், மணப்பெண் முகம் பூசணிப்பழ நிறத்தில் திரும்பி வருகிறது, அதற்கு ஒரு பெருமை. உன் பத்திரிகைக்காரர்கள் கறுப்பு வெள்ளைதான் வேண்டும் என்று உன்னை வடக்கே கோயில் கோயிலாக அனுப்புகிறார்களே, அதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெயிலில் எடுக்காதே, காலையிலும் சாயங்காலமும் எடு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. முன்பின் தெரியாத ஊரில் யாராவது வீட்டுக்குள் கூப்பிட்டு, இறந்துபோனவரை ஒரு படம் எடுத்துத் தா என்று கேட்டால், முகம் சுளிக்காமல் போய் எடுத்துக் கொடு. ஆனால் கண்ணைத் திறந்து கொடு என்று கேட்டால் மட்டும் செய்யாதே. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நீ விவரம் தெரிந்து பார்த்ததெல்லாம் இந்த ஸ்டூடியோவைத்தான். அதற்கு முன் நாங்கள் நாடோடிகள். பேர்தான் ஸ்டூடியோ, எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அப்பா சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஐயம்பேட்டை, வாலாஜாபாத் என்று கிளம்பிவிடுவார். பாலாற்று மணலில் ஓரிக்கைப் பக்கம் போகும்போது சைக்கிளை அவர் தள்ள, பெட்டியை நான் இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பேன். நான் ஏன் போனேன் என்றால், பாதி அழைப்பு சாவு வீட்டிலிருந்துதான் வரும். ஆயுசுக்கும் ஒரு படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் அந்தக் காலத்தில் நிறைய. உயிர் போன பிறகுதான் வீட்டாருக்கு அந்த நினைப்பு வரும். பாடை கட்டுவதை நிறுத்தி வைத்துவிட்டு, காஞ்சிபுரத்துக்கு ஆள் அனுப்புவார்கள். போனது பொம்பளை என்றால் அப்பா தொட முடியாது. நாற்காலியில் உட்கார்த்தி, மார்போடு துண்டைச் சுற்றிப் பின்னால் கட்டி, மோவாய் விழாமல் துணி கட்டி, அந்தக் கட்டுகள் தெரியாமல் மாலையைப் போட்டு, புடவை மடிப்பை நீவிவிட்டு நான் விலகினால்தான் அவர் கேமராவுக்குப் பின்னால் போவார். வெளிச்சம் போதாத முற்றங்களில் மூடியைத் திறந்து வைத்து மெதுவாக எண்ண வேண்டும். சுற்றி நிற்கிற சொந்தக்காரர்கள் விசும்புவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், குழந்தையை இடுப்பு மாற்றுவார்கள். கழுவிப் பார்த்தால் உயிரோடு இருப்பவர்கள் எல்லாரும் புகையாகக் கலைந்திருப்பார்கள். நடுவில் செத்தவர் மட்டும் இமை மயிர் வரைக்கும் தெளிவாக இருப்பார். முதல் தடவை அதைப் பார்த்தபோது தாளைக் கவிழ்த்து வைத்தேன். அப்பாவுக்கு எதிலும் கேலிதான், இவர்களைப் போல் ஒத்துழைக்கிற பார்ட்டி உலகத்தில் கிடையாது என்பார்.

படம் எடுப்பது அவர் வேலை, டச்சிங் என் வேலை. கல்யாணமாகி வரும் வரைக்கும் என் அப்பா வீட்டில் பாவு பிணைத்தவள் நான். பழைய பாவின் முனையில் புதுப் பாவை இழை இழையாக முடிந்து கொடுக்கிற வேலை அது, ஆயிரக்கணக்கான பட்டு இழைகள், ஒன்று தப்பினாலும் தறியில் தெரிந்துவிடும். அந்தக் கைக்கு நெகடிவ் மேல் பென்சில் பிடிப்பது பெரிய காரியமாக இல்லை. சாவுப் படங்களுக்குக் கண்ணைத் திறக்க வேண்டும். மூடிய கண்ணோடு ஒரு படத்தைச் சுவரில் மாட்ட யாருக்கும் மனசு வராது. சுற்றி நிற்பவர்களை விட்டுவிட்டுப் பெரிய பிரிண்ட் ஒன்று போட்டு, இமையின் மேல் பிளேடு முனையால் சுரண்டி வெள்ளை கொண்டுவந்து, மயிரிழைத் தூரிகையில் மை தொட்டுக் கருவிழி வைப்பேன். பிறகு அதையே திரும்பப் படம் பிடித்து வேறு நெகடிவ் எடுத்துக்கொள்வோம். கோயிலில் சிலைக்கு ஸ்தபதி கண் திறப்பதை இந்த ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னை அப்பா ஸ்தபதியம்மா என்றுதான் கூப்பிடுவார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. கண் எப்படி இருக்கும் என்று வீட்டாரைக் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. கட்டின புருஷனே முழிப்பான். பெருசா இருக்கும் என்பார்கள், நல்லா இருக்கும் என்பார்கள், அதற்கு மேல் அழுகைதான் வரும். எதை வைத்துக் கண்ணை வரைவது? டச்சிங் மேசையில் வெளிச்சத்தைத் திருப்பி விடுவதற்கு ஒரு கண்ணாடி சாய்த்து வைத்திருக்கும் அல்லவா, அதில் என் முகம் தெரியும். முதல் தடவை வேறு வழியில்லாமல் அதைப் பார்த்துப் போட்டேன். வீட்டார் வந்து பார்த்துவிட்டு, அப்படியே உரித்து வைத்த மாதிரி இருக்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. பொம்பளைப் படத்துக்கு என் கண், ஆம்பளைப் படத்துக்கு எதிரில் உட்காரச் சொல்லி அப்பாவின் கண். சுத்துப்பட்டு ஊர்களில் எத்தனை சுவர்களில் நான் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. போகிற ஊரில் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டு நடையில் நிற்பேன், உள் சுவரிலிருந்து நானே என்னைப் பார்ப்பேன். கிழவி முகத்தில் பார்ப்பேன், கல்யாணமாகாத பெண் முகத்தில் பார்ப்பேன். அப்பாவிடம் சொன்னால் வாடகை வாங்கிவிடலாமா என்று கேட்பார். நானும் சிரிப்பேன். ஆனால் அந்த வீடுகளில் தண்ணீரை முழுசாகக் குடித்ததில்லை, பாதியிலேயே சொம்பைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

அறுபத்தொன்றோ இரண்டோ, சரியாக நினைவில்லை. தென்னேரியிலிருந்து ஆள் வந்தது. இளம் வயதுப் பெண், காய்ச்சலில் போய்விட்டாள். மழை மூட்டம், ஏரி நிரம்பிக் கரை மேல் அலை அடித்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் உட்கார்த்தினோம். மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, கல்யாணப் பட்டைக் கட்டியிருந்தார்கள். அரக்கில் பச்சைக் கரை, நம் பிள்ளையார்பாளையத்துத் தறிதான், மடிப்பைப் பிடித்ததுமே தெரிந்துவிட்டது. பக்கத்தில் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் தங்கை ஒரு குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். அந்தக் குழந்தை ஒரு நிமிஷம் சும்மா இல்லை, தாயிடம் போக வேண்டும் என்று துள்ளிக்கொண்டே இருந்தது. அந்தக் குழந்தை நீ. நாற்காலியில் இருந்தது உன்னைப் பெற்றவள். நீ தென்னேரியில் பிறந்தவன் என்பதும், எங்களிடம் வந்து வளர்ந்தவன் என்பதும் உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், நாங்கள் மறைத்ததில்லை. உனக்குத் தெரியாதது இதுதான். நம் கூடத்தில் இத்தனை வருஷம் மாட்டியிருந்த உன் அம்மா படம், அவள் இறந்த பிறகு எடுத்தது. அதில் இருந்த கண்கள் அவளுடையவை அல்ல. மற்றவர்கள் படங்களைத் தலைகீழாகப் பிடித்துக் குறை கண்டுபிடிக்கிற நீ, அந்த ஒரு படத்தின் மேல் மட்டும் உன் தொழில் கண்ணை வைத்ததே இல்லை.

படத்தைக் கொடுத்தனுப்பி ஒரு வருஷம் இருக்கும். அதே தெருவில் ஒரு காதுகுத்துக்குக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து திரும்பும்போது உன் வீட்டு வாசலில் உன் அத்தை நின்றிருந்தாள், மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். அப்பா சைக்கிளோடு வெளியே நின்றுவிட்டார், நான் உள்ளே போனேன். நீ படத்துக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதையோ மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தாய். நிழல் விழுந்ததும் திரும்பினாய். என்னைப் பார்த்தாய். அண்ணாந்து படத்தைப் பார்த்தாய். மறுபடி என்னைப் பார்த்தாய். அழவில்லை, ஓடி வரவில்லை. எழுந்து மெதுவாக நடந்து வந்து என் முந்தானையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "எறங்கி வந்துட்டியா?" என்று கேட்டாய். அதோடு விட்டாயா? சுவரைக் கை காட்டி, "அப்போ அங்க யாரு?" என்று கேட்டாய்.

உன் அத்தை கையிலிருந்த சொம்போடு அப்படியே நின்றுவிட்டாள். அவளும் அப்போதுதான் என்னையும் படத்தையும் சேர்த்துப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. என் காலைப் பார்த்தாள், தரையில் பாவியிருக்கிறதா என்று. நான் என் பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, வாசலில் நிற்கிறவர் என் வீட்டுக்காரர் என்று சொல்லித்தான் அவளை உட்கார வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். படத்துக்குக் கீழே தட்டு வைத்தால்தான் நீ சாப்பிடுவாயாம். தெருவில் விளையாடப் போவதில்லையாம். "நாள் முச்சூடும் படத்தாண்ட குந்திக்கினு பேசிக்கினே இருக்குதும்மா. பேசிட்டு, பதில் கேக்குற மாதிரி தலையாட்டுது. படத்தத் திருப்பி வெச்சோம், புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது. திரும்ப மாட்டுனாத்தான் எறங்கிச்சு." சொல்லிவிட்டு உன் மோவாயைத் தொட்டு ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தைதான் இத்தனை வருஷமும் என் தொண்டையில் நிற்கிறது. "கண்ணு மட்டும் எங்க அண்ணியே. அப்பிடியே எடுத்து வெச்சிருக்குது பாரு."

நான் குனிந்து உன் கண்ணைப் பார்த்தேன். நீளமாக, ஓரம் லேசாகத் தாழ்ந்து, யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி. என் கண் உருண்டை, உனக்குத் தெரியும். நான் தேடிய கண் அன்று முற்றத்தில் என் எதிரிலேயே ஓர் இடுப்பில் துள்ளிக்கொண்டு இருந்திருக்கிறது. பிள்ளைக்குத் தாயின் கண் இருக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? கண்ணாடியைப் பார்த்தே பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் உன்னைப் பெற்றவர் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரம் வந்தார். "அந்தக் கண்ண மூடிக் குடுத்துடுங்கம்மா. ஊட்ல இருக்க முடியல" என்றார். முதல் நெகடிவ் இருந்தது, அதில் கண் மூடித்தான் இருக்கும். அப்பா ஒரு பிரிண்ட் போட்டுச் சட்டத்தில் மாட்டிக் கொடுத்தார். திறந்த கண் படத்தை அவர் எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். பத்து நாள்கூட இல்லை, திரும்பவும் வந்தார். மூடிய படத்தைப் பார்த்ததும் அம்மா தூங்குகிறாள் என்று நீ சொன்னாயாம். அதன் பிறகு வீட்டில் யாரையும் சத்தமாகப் பேச விடவில்லை. வாயில் விரலை வைத்துக்கொண்டு எல்லார் பின்னாலும் நடந்தாயாம். பாத்திரம் உருண்டால் அழுதாயாம். வீடே குசுகுசுவென்று பேசிக்கொண்டு, அவள் எழுந்துகொள்வதற்காகக் காத்திருந்திருக்கிறது. அந்த மனிதர் நம் நடையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழும்போது நீ உள்ளே போய், கூடத்தில் மாட்டியிருந்த திறந்த கண் படத்தைப் பார்த்தாய், அடுப்படியில் இருந்த என்னைப் பார்த்தாய், என் பக்கத்தில் வந்து படுத்துத் தூங்கிவிட்டாய். கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுப்போனார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நல்ல நாள் பெரிய நாளுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தார், நீ ஏழாவது படிக்கும்போது அவரும் போய்விட்டார்.

இதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கத்திலிருந்து உனக்குத் தெரியாது. ஒரு வீட்டுக்குள் என் கண்ணுக்குக் கீழேயே நான் குடித்தனம் செய்திருக்கிறேன். உன்னை அடித்தால் நீ ஓடிப்போய் அந்தப் படத்திடம் கோள் சொல்வாய், அங்கேயும் நான்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வருகிறவர்கள் நாங்கள் அக்கா தங்கையா என்று கேட்பார்கள், நீ ஆமாம் என்பாய். எனக்கு வயதானது, படத்தில் இருந்த கண்ணுக்கு வயதாகவில்லை. இப்போது கண்ணாடியில் பார்த்தால் இமை தொங்கிவிட்டது, வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்துவிட்டது. முப்பதைத் தொடாத என் கண்கள் இன்னொருத்தி முகத்தில் இருந்துகொண்டு என்னைப் பார்க்கின்றன. விளக்கு வைக்கும்போது பொட்டு வைக்கப் போனால் கை பின்வாங்கும். செத்தவள் படத்துக்குப் பொட்டு வைக்கிறேனா, எனக்கே வைத்துக்கொள்கிறேனா?

சரியான கண்ணைப் போட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். போடவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், பயம். நீ என்னைத் தேடி வரவில்லை, அந்தக் கண்ணைத் தேடி வந்தவன். அதைப் பார்த்துத்தான் என்னை அம்மா என்றாய். அந்தக் கண்ணை எடுத்துவிட்டால் நான் உனக்கு யார்? சாப்பாடு போட்டவள், துணி துவைத்தவள், டச்சிங் கற்றுக்கொடுத்தவள். அதெல்லாம் யாரும் செய்யலாம். எனக்கு உன்னோடு இருந்த சொந்தமே மையும் பிளேடும் போட்ட சொந்தம்தான் என்று எனக்குள் ஒரு பயம் எப்போதும் இருந்தது. உன் அத்தை வருகிற போதெல்லாம் உன் கண்ணைப் பற்றிப் பேச்சு எடுக்கப்போகிறாளோ என்று வேறு ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பேன். பாவம், அவளுக்கு அது நினைவிலேயே இல்லை.

போன வாரம் நீ வந்து, ஊருக்குப் போகும்போது அம்மா படத்தைக் கையோடு எடுத்துப்போகிறேன் என்றாய். முன்பின் தெரியாத ஊர்களில், ரயிலில், சத்திரத்தில், உன் சட்டைகளுக்கு நடுவே நான் இருக்கப்போகிறேன், அவள் இல்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. உன்னைப் பெற்றவள் ஒரு தடவையாவது உன்னோடு கிளம்ப வேண்டாமா? என் கண் இன்னும் ஆறு மாதம் தாங்குமோ என்னவோ, அதற்குள் செய்தாக வேண்டும். அதனால்தான் உன்னை வடக்கு ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னேன். சும்மா ஒரு படம் என்றேன், நீயும் சலித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் அழுத்துகிற நேரத்தில் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றிய சத்தம் கேட்டு நீ அந்தப் பக்கம் பார்த்துவிட்டாய். இன்னொன்று எடுக்கலாம் என்றால் நீ எழுந்து போய்விட்டாய். சரி, கிடைத்தது போதும் என்று அதைத்தான் வைத்துக்கொண்டேன்.

நீ மெட்ராசுக்கு டிக்கெட் எடுக்கப் போன பகலில் கண்ணாடியை மேசையிலிருந்து எடுத்துக் கவிழ்த்துவிட்டு, உன் படத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு வரைந்தேன். பிறகு அப்பா அதைப் படம் பிடித்து, இருட்டறையில் பிரிண்ட் போட்டார். டெவலப்பரில் கறுப்பான இடம்தான் முதலில் எழும் என்று உனக்குத் தெரியும். தட்டில் வெறும் வெள்ளைத் தாள் மிதந்துகொண்டிருக்கும், முகம் இருக்காது, மூக்கு இருக்காது, இரண்டு கருவிழி மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வரும். எத்தனை நூறு தடவை பார்த்திருக்கிறேன், அந்தக் கண்கள் எப்போதும் என்னைத்தான் பார்க்கும், என் கண்தானே. அன்று வந்தவை என்னைப் பார்க்கவில்லை. முகம் எழுந்தது, நெற்றி எழுந்தது, குங்குமம் எழுந்தது. அந்தச் சிவப்பு விளக்கில், முன்னே பின்னே நான் பார்த்திராத ஒரு பெண் எங்கள் இருவரையும் தாண்டிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரு கேலி வைத்திருக்கிற அப்பா, இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். "நம்மளப் பாக்கலடி அது" என்றார். படம் கறுத்துப்போகாமல் நிற்க ஹைப்போவில் போடக்கூட அவருக்குக் கை வரவில்லை, நான்தான் போட்டேன்.

அதைத்தான் பழைய படத்தை எடுத்துவிட்டுக் கூடத்தில் மாட்டினேன். நீயே பார்த்து ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் திரும்பி, யாரும்மா இது என்று கேட்டாய். உன் அம்மாவை உனக்குத் தெரியவில்லை. உன் முகத்தில் இருக்கிற கண்ணே உன்னைப் பார்க்கிறது, உனக்குத் தெரியவில்லை. அதைவிட, அந்தக் கேள்வியில் 'அம்மா' என்று என்னைக் கூப்பிட்டாய். சுவரில் என் கண் இல்லாதபோதும் கூப்பிட்டாய். எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷம்தான் வந்தது. ஒரு கணம்தான். அடுத்த கணம் சுவரைப் பார்த்தேன், கூசிப்போய்விட்டேன். பெற்ற பிள்ளை தன்னை யார் என்று கேட்டதை அவளும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள். அந்தக் கூச்சத்தில்தான் பார்ட்டி படம் என்று சொன்னேன். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டே அம்மா படம் எங்கே என்று நீ கேட்க, பெட்டிக்குள் வைத்திருந்த பழையதை எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். இப்போது உன் பையில் இருப்பது அதுதான். பிரித்துப் பார், முதல் தடவையாகத் தொழில்காரனாகப் பார். இமை மேல் பிளேடு போன தடம் தெரியும்.

நீ போன மறுநாள் உன் அத்தை வந்தாள். உன்னை வழியனுப்ப வந்தவள், வாலாஜாபாத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு ஒரு நாள் பிந்திவிட்டாள். இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. கூடத்துக்குள் வந்தவள் சுவரைப் பார்த்ததும், பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். "அண்ணி" என்று கூப்பிட்டாள். படத்தைப் பார்த்துச் சொன்னதல்ல, ஆளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள். பிறகு உட்கார்ந்துகொண்டு, "யாரு சொன்னாங்க ஒனக்கு?" என்று என்னைக் கேட்டாள். எதை என்றேன். "புள்ள தெருவுல எறங்கிட்டா இப்பிடித்தான் வாசலயே பாத்துக்கினு நிப்பாங்க. அடுப்புல சோறு பொங்குனாக்கூடத் திரும்ப மாட்டாங்க." யாரும் சொல்லவில்லை என்றேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த நீ, செருப்புச் சத்தத்துக்குத் திரும்பினாய், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அன்று வாசலில் யார் செருப்பைக் கழற்றினார்கள் என்று பிறகு அப்பாவையும் கேட்டேன். அன்று யாருமே வரவில்லை என்கிறார்.

இந்தக் கடிதத்தோடு வெண்ணெய்த் தாளில் மடித்து ஒரு நெகடிவ் வைத்திருக்கிறேன். அந்த முற்றத்தில் எடுத்த முதல் நெகடிவ், யாரும் தொடாதது. வெளிச்சத்தில் தூக்கிப் பார். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும் அல்லவா, அதில் உன் அம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்திருக்கும். அந்த வயதை அவள் பார்த்தது அங்கே மட்டும்தான். பக்கத்தில் ஓர் இடுப்பில் புகை மாதிரி ஒன்று கலைந்து தெரியும், முகம் இருக்காது. அது நீ. எந்த ஊரிலாவது இருட்டறை கிடைத்தால் அதைப் போட்டுப் பார். கண்ணைத் திறக்காதே. எந்தக் கண்ணும் இல்லாமல் ஒரு தடவை அவளைப் பார்த்துக்கொள். அதன் பிறகு எந்தப் படத்தை வைத்துக்கொள்வது என்பது உன் இஷ்டம். என்னுடையதைத் திருப்பி அனுப்பினாலும் நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுத ஆசைதான், வருத்தப்படுவேன்.

இங்கே எல்லாம் சௌகரியம். நீ போனதிலிருந்து அவள் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முன்பெல்லாம் அந்தச் சுவரைத் தாண்டும்போது எனக்கு முதுகு கூசும், இப்போது அது இல்லை. அவள் என்னைக் கண்டுகொள்வதே இல்லையே. மத்தியானம் வேலை ஓய்ந்ததும் நானும் அவளுக்குக் கீழே உட்கார்ந்து, தபால்காரர் வருகிறாரா என்று வாசலைப் பார்க்கிறேன். போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு. யாருக்கு எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்காதே, அம்மாவுக்கு என்று எழுதினால் போதும். நான் சத்தமாகப் படிக்கிறேன், அவளும் கேட்டுக்கொள்ளட்டும்.